டெம்போ ஆஃப் தி டேம்ட்: எக்ஸோடஸ் இசைக்குழுவின் மீள்வருகை

'டெம்போ ஆஃப் தி டேம்ட்' என்பது அமெரிக்காவின் எக்ஸோடஸ் என்னும் த்ராஷ் மெட்டல் இசைக்குழு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆறாவது ஸ்டூடியோ இசைத்தொகுப்பாகும். தலைப்பைத் தமிழில் 'சபிக்கப்பட்டோரின் தாளகதி' எனலாம். இதற்கு முந்தைய தொகுப்பு 1992இல் வெளிவந்தது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் குழு கலைந்தது, கூடியது, மீண்டும் செயலற்றுப் போனது. அதன் முதல் புகழ்பெற்ற பாடகர் 41 வயதில் இறந்தார். அதன் பிறகே இத்தொகுப்பு உருவானது.

பழைய ராக் குழுக்கள் மீண்டும் ஒன்றுகூடுவது புதிதன்று. அவற்றுள் பல, இளமையில் பாடிய பாடல்களையே மேடையில் பாடிக் காட்டி, நினைவுகளை விற்றுவிட்டு ஓய்ந்துவிடும். புதிய பாடல்களை எழுதி, அவை பழைய பாடல்களுக்கு இணையாக ரசிகர்களால் கேட்கப்படும் நிலையை எட்டிய குழுக்கள் குறைவு. எக்ஸோடஸ் அக்குறைந்த எண்ணிக்கையில் ஒன்று. அந்த வெற்றியின் தன்மையை விளங்கிக்கொள்ள, இக்குழு தொடக்கத்தில் இழந்தவற்றை முதலில் அறிய வேண்டும்.

த்ராஷ் மெட்டல்: ஒரு விளக்கம்

த்ராஷ் மெட்டல் 1980களின் தொடக்கத்தில் உருவான இசை வகை. 1970களின் இறுதியில் பிரிட்டனில் எழுந்த புதிய ஹெவி மெட்டல் அலையின் கிடார் நுணுக்கமும், அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையின் வேகமும் கோபமும் இதில் ஒன்றுசேர்ந்தன. கிடார் வாசிப்பவர் வலக்கையின் ஓரத்தைத் தந்திகளின் மேல் லேசாக அழுத்தியபடி மிக வேகமாகத் தட்டுவார். தந்தியின் ஒலி நீளாமல் உடனே அடங்குவதால், கிடாரே ஒரு தாளக் கருவி போல ஒலிக்கும். இப்படி அமையும் சிறிய, திரும்பத் திரும்ப வரும் இசைத்தொடருக்கு 'ரிஃப்' என்று பெயர். த்ராஷ் பாடலின் எலும்புக்கூடு ரிஃப்களே. டிரம் கலைஞர் இரு கால்களாலும் பாஸ் டிரம்மை விரைந்து அடிப்பார். பாடகர் பாடுவதைவிடக் கத்துவதே மிகுதி. போர், அநீதி, மரணம், சமூகச் சீர்கேடு ஆகியன வழக்கமான பாடுபொருள்கள்.

இவ்வகையின் முதன்மைக் களமாக அமைந்தது சான் பிரான்சிஸ்கோவைச் சூழ்ந்த வளைகுடாப் பகுதி. பெர்க்லியில் இருந்த ரூதிஸ் இன் போன்ற சிறு அரங்குகளில் இளைஞர்கள் கூடினர். பதிவு நிறுவனங்கள் கண்டுகொள்ளாத அக்காலத்தில், ரசிகர்கள் கேசட்டுகளைப் பிரதியெடுத்து ஊர் ஊராக, நாடு நாடாக அஞ்சலில் அனுப்பிக்கொண்டனர். ஒரு குழுவின் புகழ் அதன் முதல் இசைத்தட்டு வருமுன்னரே கடல் கடந்ததற்குக் காரணம் இந்தக் கேசட் பரிமாற்றமே.

தொடக்கமும் முதல் இழப்பும்

எக்ஸோடஸ் குழுவை 1970களின் இறுதியில், பள்ளிப் பருவத்தில், கிடார் கலைஞர் கிர்க் ஹேமெட், டிரம் கலைஞர் டாம் ஹண்டிங் முதலானோர் தொடங்கினர். 'எக்ஸோடஸ்' என்பது விவிலியத்தின் இரண்டாம் நூலின் ஆங்கிலப் பெயர். தமிழில் 'யாத்திராகமம்' என்றும் 'விடுதலைப் பயணம்' என்றும் வழங்குவது. குழுவுக்குத் துணையாக மேடைப் பணி செய்துவந்த கேரி ஹோல்ட், ஹேமெட்டிடம் கிடார் கற்று, சில காலத்திலேயே குழுவின் இரண்டாவது கிடார் கலைஞரானார். பால் பாலோஃப் பாடகராகச் சேர்ந்தார்.

1983ஆம் ஆண்டு ஏப்ரலில் மெட்டாலிகா குழு, தன் கிடார் கலைஞர் டேவ் மஸ்டெய்னை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு ஹேமெட்டை அழைத்தது. அவர் சென்றுவிட்டார். பின்னாளில் உலகிலேயே மிகுதியாக விற்கும் மெட்டல் குழுக்களுள் ஒன்றாக மெட்டாலிகா வளர்ந்தது. நிறுவனரை இழந்த எக்ஸோடஸின் பொறுப்பு முழுவதும், அவரிடம் பாடம் கேட்ட ஹோல்ட்டின் தோளில் விழுந்தது. காலியான இடத்துக்கு ரிக் ஹுனோல்ட் வந்தார். ஹோல்ட், ஹுனோல்ட் இருவரின் இரட்டைக் கிடார் வாசிப்பே அதன்பின் குழுவின் அடையாளமானது.

ஹேமெட் தாம் எழுதிய சில இசைத்தொடர்களையும் உடன் கொண்டுசென்றார். எக்ஸோடஸ் வாசித்துவந்த 'இம்பேலர்' என்ற பாடலின் ரிஃப் ஒன்று, மெட்டாலிகாவின் 1984ஆம் ஆண்டுத் தொகுப்பில் 'டிராப்ட் அண்டர் ஐஸ்' பாடலில் இடம்பெற்றது. எழுதியவர் அவரே என்பதால் அது அவருக்கு உரியதுதான். ஆனால் எக்ஸோடஸின் 'இம்பேலர்' ஸ்டூடியோ தொகுப்பு எதிலும் இடம்பெறாமல் கிடப்பில் போனது. இப்பாடலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் அது மீண்டும் வரும்.

ஓராண்டுத் தாமதம்

எக்ஸோடஸின் முதல் தொகுப்பு 'பாண்டட் பை பிளட்' 1984 கோடையில் பதிவு செய்யப்பட்டது. பதிவு முடிந்தும் அது உடனே வெளிவரவில்லை. கடைகளுக்கு வந்தது 1985 ஏப்ரலில்தான். அதற்குள் மெட்டாலிகா இரண்டு தொகுப்புகளை வெளியிட்டிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் ஸ்லேயர் 1983 டிசம்பரிலும், நியூயார்க்கின் ஆந்த்ராக்ஸ் 1984 ஜனவரியிலும் முதல் தொகுப்பை வெளியிட்டுவிட்டன. 1985இல் மஸ்டெய்னின் மெகாடெத்தும் வந்தது. பிற்காலத்தில் இந்நான்கு குழுக்களும் சேர்ந்து 'பெரிய நால்வர்' என்ற பெயரைப் பெற்றன. பிந்தி வந்த எக்ஸோடஸ் பட்டியலுக்கு வெளியே நின்றது. 'பாண்டட் பை பிளட்' இவ்வகையின் அடிப்படை நூல்களுள் ஒன்று போலக் கருதப்படுகிறது. இருந்தும், 'ஐந்தாவது குழு' என்ற சொல்லே எக்ஸோடஸுக்கு எஞ்சியது.

1986இல் பாலோஃப் நீக்கப்பட்டு, ஸ்டீவ் சௌஸா பாடகரானார். சௌஸா அதற்குமுன் லெகஸி என்ற வளைகுடாப் பகுதிக் குழுவில் பாடியவர். அவர் விட்டுவந்த இடத்தில் சக் பில்லி என்பவர் சேர்ந்தார்; லெகஸி தன் பெயரை டெஸ்டமெண்ட் என்று மாற்றிக்கொண்டு புகழ்பெற்றது. இந்தப் பெயர்களும் பின்னர்த் தேவைப்படும்.

சௌஸாவுடன் 1987, 1989ஆம் ஆண்டுகளில் இரு தொகுப்புகள் வந்தன. பின்னர் கேபிடல் என்ற பெரிய பதிவு நிறுவனத்தில் 1990இலும் 1992இலும் மேலும் இரு தொகுப்புகள் வெளியாயின.

1990களின் வீழ்ச்சி

1991இல் இரண்டு நிகழ்வுகள் த்ராஷ் இசையின் சந்தையைச் சுருக்கின. ஆகஸ்டில் மெட்டாலிகா தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அதில் வேகம் குறைந்து, பாடல்கள் எளிமையாகியிருந்தன. விற்பனையோ கோடிகளை எட்டியது. செப்டம்பரில் சியாட்டில் பகுதியின் நிர்வாணா குழு வெளியிட்ட 'நெவர்மைண்ட்', கிரஞ்ச் என்ற புதிய பாணியை நாடெங்கும் கொண்டுசென்றது. இளைஞர்களின் ரசனை மாறியது. வேகமும் கிடார் வித்தையும் பழைய சரக்காகிவிட்டதாகப் பதிவு நிறுவனங்கள் முடிவு கட்டின.

அந்நெருக்கடியில் பல த்ராஷ் குழுக்கள் வேகத்தைத் தணித்துப் பார்த்தன. எக்ஸோடஸின் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஃபோர்ஸ் ஆஃப் ஹேபிட்'டும் அவ்வழியிலேயே சென்றது. மெதுவான பாடல்கள் புதிய ரசிகர்களை ஈர்க்கவில்லை, பழையவர்களையும் மகிழ்விக்கவில்லை. கேபிடலுடனான உறவு முடிந்தது, குழுவும் கலைந்தது.

1997இல் பாலோஃப் திரும்பி வந்து குழு மீண்டும் கூடியது. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியின் பதிவு 'அனதர் லெசன் இன் வயலன்ஸ்' என்ற பெயரில் வெளியானது. அதில் 'இம்பேலர்' மேடைப் பதிவாக இடம்பெற்றது. ஆனால் புதிய பாடல்களுடன் ஒரு தொகுப்பு உருவாகவில்லை. குழு மீண்டும் முடங்கியது. அந்த ஆண்டுகளில் போதைப்பொருள் பழக்கம் தம்மையும் குழுவையும் அரித்ததைப் பற்றி ஹோல்ட் பின்னாளில் பேட்டிகளில் ஒளிவுமறைவின்றிப் பேசியிருக்கிறார். ஆக, 1990களின் வீழ்ச்சிக்குச் சந்தையை மட்டும் குற்றம் சொல்வது முழு உண்மையாகாது.

2001: நோயுற்றவர்களுக்காக ஒரு கச்சேரி

எக்ஸோடஸை மீண்டும் மேடையேற்றியது எந்த நிறுவனத்தின் வணிகத் திட்டமும் அன்று. 2001இல் டெஸ்டமெண்ட் குழுவின் சக் பில்லிக்குப் புற்றுநோய் கண்டது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த டெத் குழுவின் நிறுவனர் சக் ஷுல்டினர் மூளைக் கட்டியால் துன்புற்று வந்தார். இருவரின் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்ட, 2001 ஆகஸ்ட் 11 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மாரிடைம் ஹாலில் 'த்ராஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' என்ற கச்சேரி நடந்தது. கலைந்துபோன பல குழுக்கள் அந்த ஒரு நாளுக்காகக் கூடின. டெத் ஏஞ்சல், வயலன்ஸ், ஆந்த்ராக்ஸ் முதலியவற்றோடு, பாலோஃப் பாட எக்ஸோடஸும் வாசித்தது. டெஸ்டமெண்டின் பழைய வடிவமான லெகஸியும் சௌஸா பாட மேடையேறியது. தமக்குப் பின் அவ்விடத்துக்கு வந்தவரின் சிகிச்சைக்காகவே சௌஸா அன்று பாடினார்.

சக் பில்லி நலம் பெற்றார். ஷுல்டினர் அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். அக்கச்சேரிக்கு வந்த கூட்டம், இந்த இசைக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்பதைக் கலைஞர்களுக்கே காட்டியது. டெத் ஏஞ்சல் அதன்பின் கலையவே இல்லை. எக்ஸோடஸும் தொடர்ந்து வாசிக்க முடிவு செய்து, புதிய தொகுப்புக்கான எண்ணத்தில் இறங்கியது.

பாலோஃபின் மறைவு

2002 பிப்ரவரி 2 அன்று, பக்கவாதத்தால் பால் பாலோஃப் உயிரிழந்தார். அவருடைய குரலில் இனிமை கிடையாது. சுருதி சுத்தமும் கிடையாது. ஆனால் மேடையில் அவர் நின்றால் அரங்கமே கொதிக்கும். வளைகுடாப் பகுதி ரசிகர்களுக்கு அவர் பாடகர் என்பதைவிட, அந்தக் காலத்தின் உருவமாகவே தெரிந்தார். அவர் பாடிய ஸ்டூடியோ தொகுப்பு ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது தொகுப்புக்கான வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது அவர் இல்லை.

குழுவின் முன் இரண்டு வழிகள் இருந்தன. அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், அல்லது வேறொருவருடன் தொடரலாம். அவர்கள் சௌஸாவை அழைத்தனர். ஒரு முறை பாலோஃபின் இடத்துக்கு வந்தவரே மறுமுறையும் வந்தார். 1986இல் நீக்கப்பட்ட நண்பரின் இடத்தை நிரப்பியது வேறு; இறந்துபோன நண்பரின் இடத்தில் நின்றது வேறு.

தொகுப்பின் உருவாக்கம்

ஜெர்மனியின் டோன்ஸ்டார்ஃப் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நியூக்ளியர் பிளாஸ்ட் என்ற தனியார் பதிவு நிறுவனம் எக்ஸோடஸை ஒப்பந்தம் செய்தது. இது தற்செயல் அன்று. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் த்ராஷைக் கைவிட்ட பிறகும், ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், அதற்கு நிலையான ரசிகர்கள் இருந்தனர். வாக்கன் போன்ற திறந்தவெளி இசைவிழாக்கள் ஆண்டுதோறும் வளர்ந்துவந்தன. ஜெர்மானியக் குழுக்களான டெஸ்ட்ரக்ஷனும் கிரியேட்டரும் 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தொகுப்புகள், பழைய வேகத்துக்குத் திரும்பினால் வரவேற்பு உண்டு என்பதை முன்னரே உணர்த்தியிருந்தன.

தயாரிப்பாளராக ஆண்டி ஸ்னீப் அமர்ந்தார். இவர் 1980களில் இங்கிலாந்தின் சாபத் என்ற த்ராஷ் குழுவில் கிடார் வாசித்தவர். பின்னர் ஒலிப்பதிவுத் துறைக்கு வந்தவர். இத்தேர்வு முக்கியமானது. 1980களின் த்ராஷ் பதிவுகள் பலவற்றில் கிடார் மெலிந்தும் டிரம் தொலைவிலும் ஒலிக்கும். பணம் குறைவு, நேரம் குறைவு, இவ்விசையை எப்படிப் பதிவு செய்வது என்பதறிந்த பொறியாளர்களும் குறைவு. 2003இல் நிலைமை வேறு. ஸ்னீப் இந்த இசையை உள்ளிருந்து அறிந்தவர், கருவிகளும் முன்னேறியிருந்தன. எனவே, பழைய வேகத்தைப் பழைய ஒலியில் நகலெடுக்காமல், ஒவ்வொரு கிடார் வெட்டும் தெளிவாகவும் கனமாகவும் கேட்கும்படி பதிவு அமைந்தது.

வாசித்தவர்கள் ஐவர்: பாடகர் ஸ்டீவ் சௌஸா, கிடார் கலைஞர்கள் கேரி ஹோல்ட், ரிக் ஹுனோல்ட், பாஸ் கலைஞர் ஜாக் கிப்சன், டிரம் கலைஞர் டாம் ஹண்டிங்.

பாடல்கள்

தொகுப்பில் 10 பாடல்கள் உள்ளன. முதல் பாடலான 'ஸ்கார் ஸ்பாங்கிள்ட் பேனர்', அமெரிக்க நாட்டுப்பண்ணின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, 'விண்மீன்' என்ற இடத்தில் 'தழும்பு' என்று வைக்கிறது. இரண்டாவது பாடலான 'வார் இஸ் மை ஷெப்பர்ட்', விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைத் திருப்பிப்போட்டு, மேய்ப்பனின் இடத்தில் போரை நிறுத்துகிறது. இத்தொகுப்பு ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வெளிவந்தது என்பதை நினைவில் கொண்டால், இவ்விரு தலைப்புகளின் கசப்பு விளங்கும். 1980களில் இக்குழுவின் பாடல்களில் வன்முறை பெரும்பாலும் இளைஞர்களின் மேடை விளையாட்டாகவே இருந்தது. நாற்பதை நெருங்கிய மனிதர்கள் அதே சொற்களை எடுத்தபோது, அவற்றுக்கு உண்மையான இலக்குகள் இருந்தன.

'பிளாக்லிஸ்ட்' என்ற பாடல் வேகத்தைச் சற்றுக் குறைத்து, அழுத்தமான நடையில் செல்கிறது. மெதுவாக வாசித்தாலே சோர்வாகத்தான் இருக்கும் என்ற 'ஃபோர்ஸ் ஆஃப் ஹேபிட்' காலத்துப் பெயரை இப்பாடல் மாற்றியது. பின்னாளில் இக்குழுவின் கச்சேரிகளில் நிலையான இடம் பெற்ற புதிய பாடல்களுள் இது முதன்மையானது.

இறுதிக்கு முந்தைய பாடல் 'இம்பேலர்'. ஹேமெட் காலத்தில் பிறந்து, ஒரு ரிஃப் வேறு வீட்டுக்குப் போய்விட்டதால் கிடப்பில் கிடந்த அதே பாடல், ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின் எக்ஸோடஸின் ஸ்டூடியோ தொகுப்பில் ஏறியது. மெட்டாலிகாவை மட்டுமே கேட்டு வளர்ந்த ரசிகர் இதைக் கேட்டால், அந்த இசைத்தொடரை முன்பே அறிந்தவராக இருப்பார். அது எந்தக் குழுவின் பயிற்சி அறையில் பிறந்தது என்பது இப்போது பதிவாகிவிட்டது.

வரவேற்பு

இத்தொகுப்பு விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்குச் செல்லவில்லை. அக்காலத்தில் இவ்வகை இசைக்கு அப்படி எதிர்பார்ப்பும் இல்லை. ஆனால் மெட்டல் இதழ்களும் ரசிகர்களும் இதனை ஆரவாரத்துடன் வரவேற்றனர். மீள்வருகைத் தொகுப்புகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் முதலில் நினைவுகூரப்படுவனவற்றுள் இது ஒன்று.

அதே 2004இல் டெத் ஏஞ்சல் 14 ஆண்டுகளுக்குப் பின் 'தி ஆர்ட் ஆஃப் டையிங்' தொகுப்பை வெளியிட்டது. 2008இல் டெஸ்டமெண்டும், மெட்டாலிகாவும், 2011இல் ஆந்த்ராக்ஸும் வேகமான த்ராஷ் பாணியை நோக்கித் திரும்பின. இவை அனைத்துக்கும் எக்ஸோடஸே காரணம் என்று கூறுவது மிகையாகும். இணையத்தின் வழியே பழைய இசையைக் கண்டெடுத்த புதிய தலைமுறையும், ஐரோப்பிய இசைவிழாக்களும், சிறு பதிவு நிறுவனங்களின் உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய மறுமலர்ச்சி இது. ஆயினும் வளைகுடாப் பகுதியின் பழைய குழுக்களுள், முழுமையான புதிய தொகுப்புடன் முன்வரிசையில் வந்து நின்றவற்றில் எக்ஸோடஸ் ஒன்று என்பதில் ஐயமில்லை. முன்பு ஓராண்டு பிந்தியதால் இடத்தை இழந்த குழு, இம்முறை பிந்தவில்லை.

பின் நிகழ்ந்தவை

வெற்றி குழுவைக் கட்டிக்காக்கவில்லை. தொகுப்பு வெளியான 2004ஆம் ஆண்டிலேயே, சுற்றுப்பயணம் நடந்துகொண்டிருந்தபோது சௌஸா விலகினார். 2005இல் ஹுனோல்ட் விலகினார். ஹண்டிங்கும் சில காலம் ஒதுங்கியிருந்து 2007இல் திரும்பினார். புதிய பாடகர் ராப் டியூக்ஸுடன் ஹோல்ட் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். 2005 'ஷவல் ஹெடட் கில் மெஷின்' தொடங்கி 2021 'பர்சோனா நான் கிராட்டா' வரை புதிய தொகுப்புகள் வந்துகொண்டே இருந்தன. 1992க்கும் 2004க்கும் இடையில் நேர்ந்தது போன்ற நீண்ட மௌனம் பின்னர் ஏற்படவில்லை. பாடகரும் பிறரும் மாறியபோதும் குழு நின்றுபோகவில்லை என்பதே 2004க்கு முந்தைய எக்ஸோடஸுக்கும் பிந்தைய எக்ஸோடஸுக்கும் உள்ள வேறுபாடு.

2011இல் ஸ்லேயர் குழுவின் கிடார் கலைஞர் ஜெஃப் ஹானமன் கடும் நோயால் மேடையேற முடியாமல் போனபோது, அவருக்குப் பதிலாக வாசிக்க ஹோல்ட் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் இண்டியோவில் 'பெரிய நால்வர்' ஒரே மேடையில் வாசித்த கச்சேரியில், ஸ்லேயரின் வரிசையில் ஹோல்ட் நின்றார். தம் குழுவுக்குக் கிடைக்காத மேடையில், வேறொரு குழுவின் நோயுற்ற கலைஞருக்காக அவர் வாசித்தார். ஹானமன் 2013இல் காலமான பின், 2019இல் ஸ்லேயர் ஓய்வு பெறும்வரை ஹோல்ட் அப்பொறுப்பில் இருந்தார்.

2014இல் சௌஸா எக்ஸோடஸுக்குத் திரும்பினார். அவ்வாண்டு வெளிவந்த 'பிளட் இன், பிளட் அவுட்' தொகுப்பில் 'சால்ட் தி வூண்ட்' என்ற பாடலில் ஒரு தனிக் கிடார் பகுதியை வாசித்தவர் கிர்க் ஹேமெட். தாம் நிறுவிய குழுவின் ஸ்டூடியோ தொகுப்பு ஒன்றில் அவர் வாசித்தது அதுவே முதல் முறை. அவர் குழுவை விட்டுச் சென்று அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.